சல்லடை மூடி

"மெஷின் குடிச்சிடுச்சு மேடம்," என்றான் டாக்ஃபின். "நல்ல பசி அதுக்கு."

அவன் கட்டைவிரல் காட்டிய மூலையில் யூரியாத் தண்ணி வந்த வெள்ளை பிளாஸ்டிக் கேன்கள் கூரையைத் தொட்டு நின்றன. எல்லாம் காலி. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஆரஞ்சுப் பெயின்ட்டில் குறுக்காக ஒரு கோடு. ஸ்டைன்வோக் கம்பெனியின் சொத்து என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த ஒர்க்‌ஷாப்பில் ஏணி, சம்மட்டி, குப்பைத்தொட்டி, காபி ஃபிளாஸ்க் எதுவும் அந்தக் கோட்டுக்குத் தப்பவில்லை.

"ஒரே இடத்துல நிக்காதீங்க பாஸ்," என்றான் ஹெர்டிஸின் உதவியாளன் டோர்கில்ஸ். "நமக்கும் ஒரு கோடு இழுத்துடுவாங்க."

ஹெர்டிஸ் சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவள் சிரிக்கிற நிலையில் இல்லை.

வோக்ஸ்விக் ஊருக்குப் பின்னாலிருக்கும் மலையைக் குடைந்து சாலை போடும் வேலை ஸ்டைன்வோக் கையில் இருந்தது. சுரங்கத்துக்குள் ஓடும் டீசல் வண்டிகளுக்கு ஒப்பந்தத்தில் கறாரான விதிகள் உண்டு. கந்தகம் நீக்கிய டீசல்தான் ஊற்ற வேண்டும். எஞ்சின் புதுவகையாக இருக்க வேண்டும். புகைக்குழாய்க்குள் யூரியாத் தண்ணியைத் தெளித்து, நச்சு வாயுவை முறித்த பிறகுதான் புகையை வெளியே விடவேண்டும். விதி காகிதத்தில் அழகாக இருந்தது. பாறையில் துளை போடும் ஹல்வார்ட் போன மாதம் அதே சுரங்கத்துக்குள் நுரையீரல் வெந்து சுருண்டு விழுந்தான். இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறான், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு.

கம்பெனி ஒரே நாளில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டது. உடைத்த பாறையை அள்ளும் லோடரை ஓட்டும் சின்னோவே. வெடி வைத்த புகையை மின்விசிறி வெளியேற்றும்வரை காத்திருக்காமல் அவள் வண்டியை உள்ளே விட்டாளாம். அவளை நம்பி ஹல்வார்டும் பின்னால் நடந்தானாம். நான் காத்திருந்தேன், வண்டிப் புகைதான் கண்ணைக் கரித்தது என்று அவள் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொண்டது, நம்பவில்லை. லோடரைப் பரிசோதித்த போலீஸ் எஞ்சினியருக்கு எல்லாமே சரியாக இருந்தது. டீசல் சுத்தம். யூரியாத் தொட்டி நிறைய. வாங்கிய கேன்களெல்லாம் காலியாகக் கண்முன்னால். அடுத்த வாரம் வழக்குப் பதிவாகும். பதிவானால் சின்னோவேயின் லைசென்ஸ் போகும். ஹல்வார்ட் செத்தால் அவள் ஜெயிலுக்குப் போவாள்.

கடைசி நேரத்தில் தொழிற்சங்கம் ஹெர்டிஸைத் தேடி வந்தது. ஒருகாலத்தில் அவளே அரசாங்க ஆய்வாளர். வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார், புகையைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு மேலதிகாரி சொன்ன அன்றைக்கு அடையாள அட்டையை அவர் மேஜையில் வீசிவிட்டு வந்தவள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

"போலீஸ் போட்டோ பார்த்தேன்," என்றாள் டாக்ஃபினிடம். "லோடர் உடம்பெல்லாம் சேறு. யூரியாத் தொட்டி மூடி மட்டும் பளிச்னு இருக்கு. அந்தத் தண்ணி சிந்தினா வெள்ளையா உப்பு மாதிரி காய்ஞ்சு ஒட்டிக்கும். ஊத்தி ஊத்திப் பழகின மூடி எதுவும் அப்படி இருக்காது."

"நம்ம பசங்க சுத்தக்காரங்க மேடம்."

டோர்கில்ஸ் தனக்குக் கொடுத்த காபிக் கோப்பையின் உள்பக்கத்தை எட்டிப் பார்த்தான். "இதைக் கழுவினவர் இன்னிக்கு லீவா?"

டாக்ஃபின் சிரித்தான். ஒர்க்‌ஷாப்புக்கு முப்பது வருஷமாகத் தலைவன். ஆய்வாளர்களுக்குக் காபி ஊற்றியே கை பழகியவன். அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஹெர்டிஸ் கேன் குவியலுக்குள் கையை விட்டாள். ஒரு கேனின் மூடியைத் திருகினாள், அடுத்ததை, அதற்கடுத்ததை. பின்வரிசையில் ஒரு மூடி கையோடு வந்ததும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

மூடி முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை, இரண்டு மட்டும் சற்றுப் பெரியது. மெல்லிய துளைக்கருவியால் ஒவ்வொன்றாகப் போட்டது.

"ஸ்ட்ரா வச்சுக் குடிச்சிருக்கு போல," என்றான் டோர்கில்ஸ்.

டாக்ஃபினின் சிரிப்பு அங்கேயே இருந்தது. கண்கள் மட்டும் சிரிப்பை விட்டு நகர்ந்தன. யாராவது கை துறுதுறுப்பில் செய்திருப்பார்கள் என்றான். ஹெர்டிஸ் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

காரில் அவள் பொரிந்து தள்ளினாள். ஸ்டியரிங்கைக் குத்திக் குத்திப் பேசியதில் ஹாரன் ஒருமுறை தானாக அடித்தது. அவள் சொன்னதன் சாரம் இதுதான்: லோடர் ஒரு சொட்டு யூரியாவைக்கூடக் குடிக்கவில்லை. தெளிப்பான் அடிக்கடி அடைத்துக்கொள்ளும், அடைத்தால் எஞ்சின் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும், வேலை நிற்கும். அதைத் தவிர்க்கத் தீப்பெட்டி அளவில் ஒரு மின்னணுப் பெட்டி கிடைக்கிறது. அதைச் செருகினால் எல்லாம் ஒழுங்காகத் தெளிக்கிறது என்று எஞ்சினிடமே பொய் சொல்லும். ஹல்வார்ட் விழுந்த அன்றே டாக்ஃபின் பெட்டியைக் கழற்றிவிட்டு தொட்டியை நிரப்பியிருப்பான்.

"அப்ப வாங்கின தண்ணி எங்க போச்சு?" என்றான் டோர்கில்ஸ். "சாக்கடையில விட்டிருந்தா ஆத்துல சால்மன் மீன் மல்லாந்திருக்கும். இந்த ஊர்ல மனுஷன் விழுந்தா ஒருத்தர் போன் பண்ணுவாங்க. மீன் விழுந்தா ஊரே பண்ணும்."

"கொட்டலை. மூடியில ஓட்டை போட்டிருக்கான். எதுக்குப் போடுவாங்க?"

"தெளிக்க."

"எதுக்குத் தெளிக்கணும்? யூரியா என்னது?"

டோர்கில்ஸ் சற்று யோசித்தான். பிறகு மெதுவாக, "உரம்," என்றான். உடனே கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளித்தான். அன்று சாயங்காலம் அவன் குடியிருப்பில் வசந்தகால டுக்னாட். வீட்டுக்கு ஒருவராவது இறங்கி, குளிர்காலக் குப்பையை வாரி, வேலிக்குப் பெயின்ட் அடித்து, ஒன்றாக உட்கார்ந்து வாஃபிள் தின்ன வேண்டிய நாள்.

"ஒருத்தன் ஆக்சிஜன்ல கிடக்கான். நீ இலை வாரப் போறியா?"

"பாஸ், எங்க பில்டிங்ல கொலை பண்ணினவனைக்கூட மன்னிப்பாங்க. டுக்னாட்டுக்கு வராதவனை மாடிப்படியில பார்த்தாப் பேச மாட்டாங்க."

"பேசாம இருந்தா உனக்கு நல்லதுதான்," என்றாள் ஹெர்டிஸ். கார் சின்னோவே வீட்டுப் பக்கம் திரும்பியது.

சின்னோவே சமையலறையில் நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். வேலையை விட்டு நிறுத்தியதிலிருந்து உட்கார முடியவில்லை என்றாள். வக்கீல் காலையில் போன் செய்து, தப்பை ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்று யோசனை சொன்னாராம்.

"நீ என்ன சொன்னே?"

"போனை வச்சிட்டேன்."

யூரியா ஊற்றுவது யார் வேலை என்று ஹெர்டிஸ் கேட்டாள். டீசலை ஒவ்வொரு ஷிஃப்டிலும் சின்னோவே தானே ஊற்றுவாள், யூரியா மட்டும் ஒர்க்‌ஷாப் பொறுப்பு, தொடக்கூடாது என்று டாக்ஃபினின் கண்டிப்பான உத்தரவு. மற்ற கம்பெனி வண்டிகள் குளிரில் வாரம் ஒருமுறை எச்சரிக்கை விளக்கு எரிந்து நிற்கும். இவள் வண்டி ஒரு தடவைகூட நின்றதில்லை.

"அதிர்ஷ்டக்கார வண்டின்னு பேர் வச்சோம்," என்றாள். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் போட்டாள்.

டோர்கில்ஸ் பேச்சை மாற்ற நினைத்தான். ஹெர்டிஸ் மேஜைமேல் வைத்த மூடியை எடுத்துத் தன் தலைக்கு மேலே பிடித்து, குளிப்பது மாதிரி நடித்தான். சின்னோவே அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். மூடியை வாங்கினாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இது எங்க கிடைச்சது?"

சொன்னார்கள்.

"இது ஷவர் இல்ல. பாறை." அவள் விரல்நுனி ஓட்டைகளின் மேல் நகர்ந்தது. "கீழ வரிசை நேரா இருக்கு பாருங்க. இது தரை. ரெண்டு பக்கமும் மேல வளைஞ்சு நெருக்கமா ஒரு வரிசை போகுதே, இது சுரங்கத்தோட கூரை. உள்ள இடம் விட்டு விட்டு மத்த ஓட்டை. வெடி வைக்கறதுக்குப் பாறையில இப்படித்தான் துளை போடுவாங்க. நான் தினமும் எதிர்ல உக்காந்து பார்க்கறது இதைத்தான்."

ஹெர்டிஸ் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள். வட்டமான மூடிக்குள் குட்டியாக ஒரு சுரங்கத்தின் முகம். ஓட்டை போட்டவன் யோசித்துப் போடவில்லை. கை தானாகப் போட்டிருக்கிறது.

"அப்ப துளை போடறவங்க யாரோ."

"யாரோ இல்ல." சின்னோவே விரலை இடது பக்கம் நகர்த்தினாள். "இந்த ரெண்டு பெரிய ஓட்டை இருக்கே, இதுல வெடி வைக்க மாட்டாங்க. பாறை உடைஞ்சு விழ இடம் வேணுமில்ல, அதுக்காக. எல்லாரும் நடுவுல போடுவாங்க. இடது பக்கம் கீழ தள்ளிப் போடறவன் எங்க ஷிஃப்ட்ல ஒருத்தன்தான். இடதுகைக்காரன்."

பெயரைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஹெர்டிஸ் சொன்னாள்.

"ஹல்வார்ட்."

சின்னோவே மூடியை மேஜைமேல் வைத்தாள், வைத்தாள் என்பதைவிட அறைந்தாள். அவனுக்காகத் தினமும் மருத்துவமனை வாசல்வரை போய், உள்ளே விடாததால் திரும்பி வந்துகொண்டிருந்தாள். அவனை விழவைத்தது நீதான் என்று ஊர் சொன்னதில் பாதி ராத்திரிகள் அவளே அதை நம்பியிருந்தாள். இப்போது அவனும் கூட்டாளியா?

"போய்க் கேப்போம்," என்றாள் ஹெர்டிஸ்.

ஹல்வார்ட் குடியிருக்கும் பக்கெலியா குடியிருப்பு மலைகளுக்கு நடுவே நுழைந்த கடலான ஃபியோர்டைப் பார்த்த சரிவில் இருந்தது. அங்கும் அன்று டுக்னாட். மே மாத வெளிச்சத்தில் முப்பது பேர் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். காரிலிருந்து இறங்கியவுடன் ரப்பர் பூட்ஸ் போட்ட பெரியம்மா ஒருத்தி டோர்கில்ஸ் கையில் ஒரு வாருகோலைத் திணித்தாள்.

"எந்த வீடு நீ? லேட்டு தம்பி. அந்த ஓரம் பிடி."

அவள் பெயர் பெரித், குடியிருப்புச் சங்கத்தின் தலைவி. டோர்கில்ஸ் மறுக்க வாயைத் திறந்து, அவள் கண்ணைப் பார்த்து மூடிக்கொண்டான். குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"பாஸ். புல்லைப் பாருங்க."

வழியெல்லாம் எத்தனையோ புல்வெளிகளைக் கடந்து வந்திருந்தார்கள். பனி உருகி இன்னும் தேறாத, காய்ந்த வைக்கோல் நிறம். இங்கே கால் வைக்கக் கூசும் பச்சை. அதிலும் ஒரு ஆள் நடந்துபோகும் அகலத்தில் கரும்பச்சைப் பட்டைகள், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. சுவரோரமாக ஒரு இடத்தில் மட்டும் கேனின் அடிப்பாகம் அளவுக்குப் புல் கருகிக் கிடந்தது. கலக்காத தண்ணி ஒழுகிய இடம்.

ஹெர்டிஸ் பெரித்திடம் புல்லைப் பாராட்டினாள். அது போதுமானதாக இருந்தது. மாவட்டத்திலேயே இப்படி ஒரு புல்வெளி கிடையாது என்றாள் பெரித், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ராத்திரி வந்து எட்டிப் பார்க்கிறார்களாம். டுக்னாட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது இல்லையா? ஒருத்தர் கேக் கொண்டு வருவார், ஒருத்தர் பெயின்ட். ஹல்வார்ட் போன வருஷத்திலிருந்து கேன் கேனாக உரத்தண்ணி கொண்டு வருகிறான். இருபது மடங்கு தண்ணீர் சேர்த்து அவனே நடந்து நடந்து தெளிப்பான், காலிக் கேன்களைப் பத்திரமாகத் திருப்பி எடுத்துப்போவான். ஒர்க்‌ஷாப் தலைவரின் கண்டிப்பாம்.

"அந்தத் தண்ணி ஏதுன்னு சொன்னானா?"

"குளிர்ல உறைஞ்சு கெட்டுப்போன சரக்காம். மெஷினுக்கு ஆகாது, எங்கயாவது கொண்டுபோய்க் கொட்டிடு, ஆனா இங்க கொட்டாதேன்னு தலைவர் கொடுத்தாராம். நல்ல பொருளைக் கொட்ட எவனுக்கு மனசு வரும்? இன்னும் ஷெட்ல இருக்கு. பாவம், அவன் வந்தாத்தான் தெளிக்கணும்னு யாரும் தொடலை."

ஷெட் கதவைத் திறந்தார்கள். புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் வரிசையாக வெள்ளைக் கேன்கள். எல்லாம் நிறைய. எதிலும் சீல் உடையவில்லை. எல்லாவற்றின் வயிற்றிலும் ஆரஞ்சுக் கோடு.

"உறைஞ்சா கெட்டுப்போகுமா பாஸ் இது?"

"கெடாது. உருகினா மறுபடியும் அதே தண்ணிதான்." ஹெர்டிஸ் ஒரு கேனின் சீலைத் தடவிப் பார்த்தாள். கூட்டாளியைத் தேடி வந்தவளுக்குக் கிடைத்தது வேறு. அந்த லோடர் பின்னால் நாள் முழுக்க நின்று துளை போட்டவன் அவன். அவனுடைய மூச்சுக்கென்று வாங்கிய தண்ணி இது. அவன் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவனும் நன்றி சொல்லி வாங்கி வந்து, தன் நுரையீரலைப் புல்லுக்கு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் சரளைக் கல்லில் டயர் சத்தம் கேட்டது. ஸ்டைன்வோக் வேன். கதவில் ஆரஞ்சுக் கோடு. டாக்ஃபின் இறங்கி, யாரையும் பார்க்காமல் ஷெட்டை நோக்கி வேகமாக வந்தான்.

டோர்கில்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான். "அந்த மூடியை அவன் கண் முன்னாடியே பையில போட்டீங்க. நான்கூட அவசரப்பட்டுட்டீங்கன்னு நினைச்சேன்."

"மறைச்சு எடுத்திருந்தா இவன் எதுக்கு வரப்போறான்?" என்றாள் ஹெர்டிஸ். "நம்ம முந்திட்டோம், அவ்வளவுதான்."

அவளை வாசலில் பார்த்ததும் டாக்ஃபின் ஒரு கணம் தயங்கினான். பிறகு முப்பது வருஷப் பழக்கம் கைகொடுத்தது. சிரித்தான். ஹல்வார்ட் வீட்டில் தங்கிவிட்ட சில சாமான்களை எடுக்க வந்ததாகச் சொன்னான்.

"எந்தச் சாமான்?"

"இந்தக் கேனுங்கதான். கம்பெனி சொத்து மேடம். கோடு தெரியலையா?"

ஹெர்டிஸ் பின்னால் திரும்பி, குரலை உயர்த்தாமல், ஆனால் முற்றத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இவர் சொல்றதை எல்லாரும் கேட்டுக்கோங்க. இது ஸ்டைன்வோக் கம்பெனி கேன்தானாம்."

வாருகோல்கள் நின்றன.

"மத்தியானம் என்ன சொன்னே டாக்ஃபின்? வாங்கினது எல்லாத்தையும் மெஷின் குடிச்சிடுச்சுன்னே. போலீஸ்கிட்டயும் அதையேதான் சொன்னே. இதுல ஒண்ணுகூட சீல் உடையலை. மூடியோட சேர்த்துக் குடிச்சுதா?"

டாக்ஃபின், உறைந்து கெட்ட சரக்கு என்று ஆரம்பித்தான். கெட்ட சரக்கு என்றால் அதற்குப் பதிலாக வாங்கிய நல்ல சரக்கு எங்கே, அத்தனை கேனும் இங்கேதான் காலியாகியிருக்கிறது, இந்தப் புல்லைக் கேட்டுப் பார் என்றாள் ஹெர்டிஸ். அவன் பெரித் பக்கம் திரும்பி, நட்பாக, உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்றான். அவன் வாழ்க்கையில் செய்த மோசமான தப்பு அதுதான்.

பெரித் கையிலிருந்த தள்ளுவண்டியை நிதானமாக உருட்டிக்கொண்டுபோய் வேனுக்குப் பின்னால் நிறுத்தினாள். ஈர மண்ணை நிரப்பிய இன்னொரு தள்ளுவண்டி தானாக வந்து பக்கத்தில் நின்றது. அப்புறம் மூன்றாவது.

"ஹல்வார்ட் இந்தப் புல்லுக்குத் தெளிச்சிட்டு வந்து எங்க வீட்ல காபி குடிப்பான்," என்றாள். "போன மார்ச்லயே இருமிக்கிட்டுதான் குடிச்சான். மகரந்தம் ஒத்துக்கலைன்னு நினைச்சோம்."

"வண்டியை எடுங்க. எனக்கு வேலை இருக்கு," என்றான் டாக்ஃபின்.

"டுக்னாட் இன்னும் முடியலை. முடியாம இங்கிருந்து யாரும் கிளம்பறது வழக்கமில்ல."

டோர்கில்ஸ் தன் வாருகோலை டாக்ஃபினின் கையில் வைத்தான். "சும்மா நிக்காதீங்க சார். பார்க்க நல்லா இருக்காது."

டாக்ஃபின் அதைக் கீழே போடவில்லை. முப்பது பேர் நடுவில் எப்படிப் போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஹெர்டிஸ் கூப்பிட்ட போலீஸ் வண்டி வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

வந்தது அதே போலீஸ் எஞ்சினியர். கேன்களைப் பார்த்தார், பட்டை பட்டையாகப் பச்சைப் புல்லைப் பார்த்தார், ஹெர்டிஸ் நீட்டிய மூடியை வாங்கிப் பார்த்தார். லோடர் மூடி சுத்தமாக இருந்ததைத் தன் அறிக்கையில் பாராட்டி எழுதியிருந்ததாக மெதுவாகச் சொன்னார். "ஆமா, படிச்சேன்," என்றாள் ஹெர்டிஸ். அதற்குமேல் அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்றுதான் டோர்கில்ஸுக்குத் தோன்றியது.

வேனின் முன்சீட்டுக்கு அடியில் ஒரு துணிமூட்டைக்குள்ளிருந்து தீப்பெட்டி அளவுப் பெட்டி வந்தது. டாக்ஃபின் அதைத் தூக்கிப்போட்டிருக்கலாம். போடவில்லை. அடுத்த சுரங்கத்துக்கு எடுத்து வைத்திருந்தான். அதன் மேலும் ஒரு ஆரஞ்சுக் கோடு இருந்தது.

சின்னோவேக்கு டோர்கில்ஸ்தான் போன் போட்டான். போனை ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னான். வழக்கு உன்மேல் இல்லை என்றான். நாளைக்கே வக்கீலைக் கூப்பிட்டு நல்லதாக நாலு வார்த்தை திட்டு என்றான்.

"ஹல்வார்டுக்குத் தெரியாதா?" என்றாள் சின்னோவே. "அந்தத் தண்ணி எதுக்குன்னு?"

"தெரியாது."

"அவனை ஏமாத்தித்தான் கொடுத்தாங்களா?"

"ஏமாத்தித்தான்."

புல்வெளியில் யாரோ வாஃபிள் சுடும் வாசனை வந்தது. யாரும் எடுத்துத் தின்னவில்லை.

"அப்ப அவன்கிட்ட யார் சொல்லப் போறாங்க?"

ஹெர்டிஸ் கைநீட்டிப் போனை வாங்கினாள்.

"நாம ரெண்டு பேரும்," என்றாள். "கோட்டை மாட்டிக்கிட்டு வாசல்ல நில்லு. இந்தத் தடவை உன்னை உள்ள விடலைன்னா அந்த ஆஸ்பத்திரி என்னைப் பார்க்கும்."

காரை நோக்கி நடந்தாள். வழி புல்வெளிக்குக் குறுக்கே. அவள் சரளைக் கல்லோரமாகச் சுற்றிக்கொண்டு போனாள், அந்தப் பச்சைமேல் கால் வைக்காமல்.